வால் தண்டு: முறிந்த இடமும் முறித்த விசையும்

இரண்டு மீட்டர் இறக்கை, கார்பன் குழாயில் வால், பஞ்சியில், அதாவது இழுத்து விடும் ரப்பர் கயிற்றில், மேலே ஏற்றும் ரேடியோ கிளைடர். கட்டியவர் கோவைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர். இறக்கையைத் தெர்மகோலில் சூடான கம்பியால் அறுத்து, நடுவில் கார்பன் பட்டை பதித்து, மேலே பேக்கிங் டேப் சுற்றியிருந்தார். இறக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லையெல்லாம் வாலில்தான். முறியும், ஒட்டுவார். ஒட்டிய இடம் நிற்கும், அதற்கு ஒரு சாண் பின்னால் முறியும். அங்கேயும் ஒட்டுவார். கடைசியில் வாலை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணா, இன்னும் ரெண்டு சுத்து நார்த்துணி போட்டா நின்னுக்குமுங்களா?" என்று கேட்டார்.

போடலாம். ஆனால் எந்தத் திசையில் போடுவது, எங்கே நிறுத்துவது என்பது வாலைப் பார்த்தால் மட்டும் தெரியாது. அதனால் முழு விமானத்தையும் எடுத்துவரச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்தது இது.

முதலில் அளவுகள். இறக்கைப் பரப்பு 38 சதுர டெசிமீட்டர். முதன்முதலில் பறந்தபோது எடை 820 கிராம். முன்பக்கம் ஒட்டுப்பலகையில் செய்த ஒரு சிறு கூடு, அதற்குள் பேட்டரி, ரிசீவர், வால் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்கள். கூட்டின் பின்னாலிருந்து வால் தண்டு வெளியே வருகிறது: வெளிவிட்டம் 10 மில்லிமீட்டர், உள்விட்டம் 8 மில்லிமீட்டர் உள்ள கார்பன் குழாய். கூட்டிலிருந்து வால் வரை வெளியே தெரியும் நீளம் 60 சென்டிமீட்டர். வால் இருக்கும் இடம் ஈர்ப்பு மையத்திலிருந்து 66 சென்டிமீட்டர் பின்னால். மூக்கில் ஈயம் வைக்கும் இடம் 22 சென்டிமீட்டர் முன்னால்.

கடைசி இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 66-ஐ 22-ஆல் வகுத்தால் 3. வாலில் ஒரு கிராம் ஏறினால், சமநிலைக்காக மூக்கில் 3 கிராம் ஈயம் ஏறியாக வேண்டும். ஒரு கிராம் பலப்படுத்தலுக்கு 4 கிராம் விலை.

இவர் என்ன செய்திருந்தார்? வால் பொருத்தும் இடத்தில் ஓர் அலுமினியத் தகடும் அதற்கு ஸ்க்ரூக்களும், சுற்றிலும் தாராளமாக ஹாட் க்ளூ, கிடைவாலின் (வாலில் படுக்கையாக இருக்கும் பலகை) இரண்டு பக்கமும் பேக்கிங் டேப். எல்லாவற்றையும் உரித்து எடுத்து நிறுத்துப் பார்த்தோம்: 22 கிராம். அதற்கு ஈடாக மூக்கில் 66 கிராம் ஈயம். ஆக 88 கிராம் கூடி, விமானம் 908 கிராம் ஆகிவிட்டது.

இது பறப்பதை மட்டும் கெடுக்கவில்லை. எடை கூடினால் இறங்கும் வேகமும் கூடும். வேகத்தின் வர்க்கம் எடையோடு சேர்ந்து ஏறும். தரையைத் தொடும்போது உள்ள இயக்க ஆற்றல் எடையையும் வேக வர்க்கத்தையும் பெருக்கி வருவது. எடை 1.107 மடங்கு என்றால் ஆற்றல் 1.107-இன் வர்க்கம், அதாவது ஏறக்குறைய 22 சதவீதம் அதிகம். முறியாமல் இருக்கப் போட்ட சுமை, முறிக்கும் அடியையும் கூட்டிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. தரையிறங்கும்போது ஒரு பக்க இறக்கை நுனி காய்ந்த புல்லில் மாட்டினால் விமானம் சட்டென்று சுழலும். அந்தச் சுழற்சி நிற்கும்போது வால் மட்டும் நிற்க விரும்பாமல் பக்கவாட்டில் வீசும். வால் தொகுதி எவ்வளவு கனமோ அவ்வளவு விசையில் தண்டைத் தானே முறிக்கப் பார்க்கும். 48 கிராம் இருந்த வால் 70 கிராம் ஆனால் அந்த வீச்சு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. வால் முறிவதில் பெரும்பகுதி வானத்தில் நடப்பதில்லை, இப்படித் தரையில்தான் நடக்கிறது. பின்னால் முறிவது ஏதோ காற்று செய்த வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள்.

முறிவைப் பார்த்தபோது

முறிந்த குழாயைக் கழுவித் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். குறுக்கே முறிந்திருக்கவில்லை. நீளவாக்கில் பிளந்திருந்தது. கூட்டுக்குள் இருந்த பகுதியில், தண்டு சுழலாமல் இருக்க இவர் மேலிருந்து கீழாக 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டு போல்ட் மாட்டியிருந்தார். பிளவு அந்த ஓட்டையில் தொடங்கிப் பின்னால் ஓடியிருந்தது. பின்னால் இருந்த பழைய ஒட்டுகள் எல்லாம் அதே பிளவின் வெவ்வேறு கட்டங்கள். ஒட்டுப் போட்ட இடத்தைத் தாண்டி அது மறுபடி வெளியே தலைகாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கார்பன் குழாய்களில் பெரும்பாலானவை பிசினில் நனைத்த நார்களை ஓர் அச்சின் வழியாக இழுத்துச் செய்தவை. நார்கள் எல்லாம் ஒரே திசையில், குழாயின் நீளவாக்கில் ஓடும். விளக்குமாற்று ஈர்க்குகளைப் பசை தடவி ஒன்றாகச் சேர்த்த மாதிரி. வளைத்துப் பார்த்தால் இரும்பாக நிற்கும். ஆனால் ஈர்க்குக்கும் ஈர்க்குக்கும் இடையே பிடித்திருப்பது வெறும் பிசின். முறுக்கினாலும் சரி, ஆப்பு வைத்தாற்போல் பிரித்தாலும் சரி, தாங்குவது அந்தப் பிசின் மட்டும்தான். இதில் ஓட்டை போடுவது நேராக அந்த இடத்தில் ஆப்பு வைப்பதற்குச் சமம். துணியைக் கோணம் மாற்றி மாற்றிச் சுற்றிச் செய்யும் இன்னொரு வகைக் குழாய் உண்டு. மேற்பரப்பில் பின்னல் மாதிரியோ, சுற்றிய நாடாவின் தடமோ தெரியும். அது விலை அதிகம். பிளக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இப்படிப் பிளக்காது.

ஓட்டை ஒரு காரணம் என்றால், குழாய் கூட்டுக்குள் நுழைந்திருந்த ஆழம் இன்னொன்று. வெறும் 4 சென்டிமீட்டர். வாலில் 5 நியூட்டன் விசை, அதாவது அரைக் கிலோ தொங்குவது போன்ற சுமை, 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் கூட்டின் வாயில் 3 நியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்புத்திறன் வரும். அதை 4 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு இடங்கள் தாங்கினால் ஒவ்வொன்றிலும் 75 நியூட்டன், அதாவது ஏழரைக் கிலோ அழுத்தம். அதே இடைவெளியை 12 சென்டிமீட்டர் ஆக்கினால் 25 நியூட்டன் போதும். ஒரு கிராம் பசைகூடச் சேர்க்காமல் அழுத்தம் மூன்றில் ஒன்றாகிறது. மெல்லிய சுவர் கொண்ட குழாயின் மேல் ஒட்டுப்பலகை விளிம்பு ஏழரைக் கிலோவில் அமுக்கினால் அது நசுங்கத்தான் செய்யும். நசுங்கினால் பிளக்கும்.

மேசையில் ஒரு சோதனை

வளைவா முறுக்கமா, எது அதிகத் தொல்லை என்று ஊகிக்க வேண்டியதில்லை. புதிய குழாய் ஒன்றை, இன்னும் எதுவும் சுற்றாமல், பழைய முறையிலேயே கூட்டில் மாட்டிக் கூட்டை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கினோம். வால் முனையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டோம். வால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இறங்கியது. கணக்கும் அதையேதான் சொல்கிறது: நார்வாக்கில் 120 கிகாபாஸ்கல் விறைப்பு என்று எடுத்துக்கொண்டால் 10.3 மில்லிமீட்டர் இறக்கம், முனையில் ஒன்றரைப் பாகைச் சாய்வு.

அப்புறம் அதே பாட்டிலை, தண்டுக்குக் குறுக்காகக் கட்டிய ஒரு ஸ்கேலில் 9 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டு முறுக்கிப் பார்த்தோம். வளைவைத் தனியாக நிறுத்த, தண்டின் முனைக்கு அடியில் ஒரு முட்டு. ஏன் 9 சென்டிமீட்டர்? இவருடைய நிலைவால், அதாவது வாலில் செங்குத்தாக நிற்கும் பலகை, முழுக்கத் தண்டுக்கு மேலே இருக்கிறது. அதில் காற்று தள்ளும் விசையின் மையம் தண்டிலிருந்து 9 சென்டிமீட்டர் உயரத்தில் வருகிறது. பஞ்சியில் விமானம் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தை எட்டும்போது ரட்டரை (நிலைவாலின் பின்பக்கம் கீலில் திரும்பும் பகுதி) முழுதாகத் திருப்பினால், இரண்டரை சதுர டெசிமீட்டர் நிலைவாலில் ஏறக்குறைய 5 நியூட்டன் வந்துவிடும். பாட்டிலின் எடை அதற்குப் பொருந்துகிறது.

ஸ்கேல் 9 பாகை திரும்பியது. இதில் 6 பாகை குழாயின் முறுக்கம், மீதி 3 பாகை பொருத்தில் உள்ள தளர்வு. நார்கள் ஒரே திசையில் ஓடும் குழாய்க்கு முறுக்கத்தில் 4 முதல் 5 கிகாபாஸ்கல் விறைப்புதான் உண்டு, வளைவு விறைப்பில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கிடைவாலும் அதே பொருத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ரட்டரைத் திருப்பினால் கிடைவால் 9 பாகை சாய்ந்து, தானும் பக்கவாட்டில் இழுக்கும்.

பஞ்சியில் ஏறும்போது பின்னால் "பர்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும் என்று இவர் முதலிலேயே சொல்லியிருந்தார். டேப் படபடக்கிறது என்று நினைத்து இன்னும் டேப் ஒட்டினாராம். அது வால் நடுக்கம். தண்டு முறுக்கி நிலைவால் ஒரு பக்கம் போகும்போது ரட்டர் தன் எடையால் பின்தங்கும். சர்வோவிலிருந்து அதை அசைக்கும் தள்ளுகம்பியில் தளர்வு இருந்தால் இன்னும் பின்தங்கும். பின்தங்கிய ரட்டரில் காற்று மோதி, நிலைவாலைப் போகும் திசையிலேயே மேலும் தள்ளும். ஒவ்வொரு ஆட்டத்திலும் காற்றிலிருந்து கொஞ்சம் ஆற்றல் உள்ளே ஏறும். வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் ஆட்டம் அடங்காது. ரட்டரின் பின்விளிம்பில் ஒட்டிய டேப், அதாவது கீலுக்குப் பின்னால் ஏறிய எடை, இதை மோசமாக்கத்தான் செய்யும். ஒவ்வொரு ஏற்றத்திலும் அந்தப் பிளவு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டிருக்கும் என்று நினைக்கிறேன். தரையில் விழுந்த அடி முடித்துவைத்தது.

எடையையும் வலிமையையும் இழுத்துப் பிடித்துக் கட்டுவதில் பெரிய ஆட்களுக்கும் இதே தலைவலிதான். மனித உழைப்பில் பறந்த டெடலஸ் விமானம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழுவினர் கட்டியது. 1988 ஏப்ரல் 23 அன்று கிரேக்க சைக்கிள் வீரர் கனெல்லோஸ் கனெல்லோபுலோஸ் அதை மிதித்து, கிரீட் தீவிலிருந்து சாண்டோரினி வரை 115 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கடந்தார். கரை எட்டும் தூரத்தில் வந்தபோது காற்று வீச்சில் வால் தண்டு முறிந்தது, இறக்கையும் போனது. விமானம் கரைக்குச் சில மீட்டர் முன்னால் கடலில் விழ, அவர் நீந்திக் கரையேறினார். அந்தத் தண்டை அவர்கள் இன்னும் கனமாகச் செய்திருக்கலாம். செய்திருந்தால் 115 கிலோமீட்டர் வந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

என்ன மாற்றினோம்

முதலில் நிலைவால். இதற்குப் பசையும் வேண்டாம், துணியும் வேண்டாம். அதே பரப்பை வைத்துக்கொண்டு மூன்றில் ஒரு பங்கைத் தண்டுக்குக் கீழே இறக்கினோம். விசையின் மையம் 9 சென்டிமீட்டரிலிருந்து நாலரைக்கு வந்தது. முறுக்குத் திறன் பாதி, ஆகவே முறுக்கமும் பாதி. வாலைப் பலப்படுத்த வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்த விசையே வராமல் செய்ய வழி இருக்கிறதா? இங்கே இருந்தது. கீழே இறங்கிய பகுதி தரையில் உரசும் என்பது உண்மை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அடுத்தது குழாய். சரியாகச் சொன்னால் இங்கே 12 மில்லிமீட்டர் குழாய்க்கு மாறுவதே புத்திசாலித்தனம். சுவர் அதே ஒரு மில்லிமீட்டர் இருந்தால், 70 சென்டிமீட்டர் நீளத்துக்கு எடை 7 கிராம்தான் கூடும், வளைவிலும் முறுக்கிலும் விறைப்பு 82 சதவீதம் ஏறும். விட்டம் சிறிது கூடினால் விறைப்பு எகிறும். நார்களைக் குழாயின் மைய அச்சிலிருந்து தள்ளி வைப்பதுதான் இதில் எல்லா வித்தையும். புதிதாகக் கட்டுகிறவர்கள் 12 எடுங்கள். ஆனால் இவரிடம் 10 மில்லிமீட்டர் குழாய்கள்தான் இருந்தன, முன்பக்கக் கூட்டில் போட்டிருந்த துளையும் அந்த அளவுதான். அதனால் துணி சுற்றினோம்.

சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள மெல்லிய கண்ணாடி நார்த்துணியை நேராக வெட்டாமல் 45 பாகைக் கோணத்தில் நாடாவாக வெட்டினோம். அப்படி வெட்டினால் நார்கள் குழாயின் மேல் இரண்டு பக்கமும் சாய்ந்து ஓடும், முறுக்கைத் தாங்குவது அந்தச் சாய்ந்த நார்கள்தான். நேராக வெட்டிச் சுற்றினால் பாதி நார் நீளவாக்கில் போய்விடும். அந்தத் திசையில்தான் ஏற்கெனவே வேண்டிய அளவு கார்பன் இருக்கிறதே! கூட்டிலிருந்து பாதித் தூரம் வரை இரண்டு அடுக்கு, அதன்பின் ஒரே அடுக்கு. இரண்டாம் அடுக்கின் ஓரத்தைச் சதுரமாக முடிக்காமல் சாய்வாக வெட்டினோம். விறைப்பு ஓரிடத்தில் சட்டென்று நின்றால் அடுத்த முறிவு அங்கேதான் வரும். இவருடைய பழைய ஒட்டுகள் அத்தனையும் சதுரமாக நின்றவை.

அடுக்கைப் பின்னால் குறைத்ததற்குக் காரணம் உண்டு. வளைவுத் திருப்புத்திறன் கூட்டின் வாயில் உச்சம், வாலில் பூச்சியம். முன்னால் சேர்க்கும் எடை ஈர்ப்பு மையத்துக்கு அருகில் இருப்பதால் ஈயமும் அதிகம் கேட்காது. பலம் வேண்டிய இடமும் எடை மலிவான இடமும் ஒன்றாக அமைவது விமானத்தில் அபூர்வம். இவர் 22 கிராமையும் கடைசி நுனியில் கொண்டுபோய் வைத்திருந்தார்.

சுற்றுவதற்கு முன் குழாயின் பளபளப்பு போகும்வரை 240 எண் உப்புத்தாளில் தேய்த்தோம், தண்ணீர் தொட்டு, முகமூடி போட்டுக்கொண்டு. கார்பன் தூசு நுரையீரலுக்கு நல்லதில்லை, விரலில் ஏறினாலும் அரிக்கும். பிறகு ஐசோபிரைல் ஆல்கஹாலில் துடைத்தோம். குழாயை இழுத்துச் செய்த அச்சிலிருந்து வரும் மெழுகுப் பூச்சு மேலே இருந்தால் எந்தப் பிசினும் ஒட்டாது, உரிந்து தோலாக வரும். பிசின் மெதுவாக இறுகும் எபாக்ஸி. துணி நனைந்து கண்ணாடி போலத் தெரிந்ததும் மிச்சத்தைப் பழைய ஏ.டி.எம். அட்டையால் வழித்து எடுத்தோம். மேலே வீடியோ டேப் நாடாவைச் சுற்றி இறுக்கி ஒரு நாள் விட்டோம். சுற்றலின் எடை 5 கிராம். முறுக்கத்தில் அது தந்த பலன், கணக்குப்படி 6 பாகையிலிருந்து 4-க்குச் சற்று மேல். நிலைவாலை இறக்கியது தந்ததைவிடக் குறைவு. ஆனால் துணியின் பெரிய உபயோகம் அதில்லை. ஈர்க்குகளைச் சுற்றிக் கட்டுவது போல அது குழாயைப் பிளக்க விடாது.

ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸியை இந்த வேலைக்கு நான் தொடமாட்டேன். மைதானத்தில் அவசர ஒட்டுக்குச் சரி. நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டும், கறுப்புக் குழாய் அதைவிடச் சூடாகும். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸிகள் அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும், வேகமாக இறுகுபவை இன்னும் சீக்கிரம். மதியம் காரில் கிடந்த கிளைடர் மாலையில் வால் கோணலாக வெளியே வருவது இதனால்தான். சுற்றல் முடிந்ததும் தண்டுக்கு வெள்ளை ஸ்ப்ரே மெல்லியதாக ஒரு கோட் அடித்தோம். அதுவும் ஒரு கிராம்தான், வாங்கிக்கொள்ளலாம்.

கூட்டுப் பக்கம் ஓட்டை இனி கிடையாது. கூட்டுக்குள் 12 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஒட்டுப்பலகைத் தடுப்புகள், குழாய் இரண்டின் வழியாகவும் போகிறது. குழாயின் வாய்க்குள் மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி இறுக்கமாக ஒட்டினோம், நசுங்காமல் இருக்க. குச்சியின் பின்முனை பென்சில் போலக் கூர், சட்டென்று நிற்கக் கூடாது என்ற அதே காரணத்துக்காக. சுழலாமல் இருக்க, குழாயின் மேல் ஒட்டுப்பலகையில் ஒரு சிறு காது வைத்து நூலால் நெருக்கமாகச் சுற்றிப் பிசினில் நனைத்தோம். போல்ட் இப்போது அந்தக் காதில் போகிறது. நூல் சுற்றல் பழைய வித்தை, ஆனால் வட்டக் குழாயின்மேல் ஒரு தட்டைப் பலகையை நிறுத்த இன்றுவரை அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை.

வால் பொருத்தில் ஹாட் க்ளூவுக்குப் பதில் பால்சா மரத்தில் ஒரு சேணம். குழாயின் மேல் உப்புத்தாளைச் சுற்றி அதில் மரத்தைத் தேய்த்தால் வளைவு கச்சிதமாக உட்காரும். அங்கேயும் நூல் சுற்றல். 3 கிராம். கிடைவாலை ஒட்டாமல் இரண்டு நைலான் போல்ட்டில் நிறுத்தினோம். ஒட்டிவிட்டால் அடி முழுவதும் தண்டுக்குப் போகும். நைலான் போல்ட் முதலில் உடைந்து வாலை விட்டுவிடும். இறக்கையை ரப்பர் பேண்டில் கட்டுவதும் இதே தத்துவம்தான், ஆனால் வாலில் அதைச் செய்ய ஏனோ பலருக்கு மனசு வருவதில்லை.

கிடைவாலும் நிலைவாலும் காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டில் இருந்தன. காகிதம் பனியில் ஊறி உப்பியிருந்தது, டேப்பை உரித்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. அதைத் தூக்கிவிட்டு, 5 மில்லிமீட்டர் வெறும் ஃபோம் தகட்டில் புதிதாக வெட்டினோம். விறைப்புக்கு 3 மில்லிமீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கார்பன் பட்டை. இதைத் தகட்டின் மேல் படுக்கவைத்து ஒட்டுவதுதான் வழக்கம். பிளேடால் ஒரு கீறல் போட்டு, பட்டையை நிமிர்த்தி அதற்குள் இறக்கினால் அதே பட்டை ஒன்பது மடங்கு விறைப்பு தரும். ஃபெவிக்விக் மாதிரிப் பசைகள் ஃபோமைக் கரைத்துவிடும், அதனால் இங்கேயும் எபாக்ஸிதான், பல்குச்சி நுனியில் தொட்டு. எல்லாம் சேர்ந்து பழைய ஃபோம் போர்டைவிட 9 கிராம் மிச்சம். நாலால் பெருக்கினால் 36 கிராம்.

தள்ளுகம்பி

கடைசியாகப் பார்த்த ஒன்றுதான் எனக்கு இந்த வேலையிலேயே சுவையான இடம். எலிவேட்டரை (கிடைவாலின் பின்பக்கம் மேலும் கீழும் திரும்பும் பகுதி) அசைக்கும் கம்பி ஓடும் பிளாஸ்டிக் உறை, தண்டின் உச்சியில் ஒட்டியிருந்தது, தண்டின் மைய அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில். பஞ்சியில் ஏறும்போது வாலைக் காற்று கீழே தள்ளும், தண்டு கீழ்நோக்கி வளையும், வளைந்தால் உச்சிப் பக்கம் நீளும். உறை நீளும், உள்ளே உள்ள கம்பி நீளாது. ஒன்றரைப் பாகை வளைவுக்குக் கால் மில்லிமீட்டர் வித்தியாசம். எலிவேட்டரில் கம்பி மாட்டும் கொம்பு 12 மில்லிமீட்டர் உயரம், மேல் பக்கம் இருந்தது. கம்பி கால் மில்லிமீட்டர் முன்னால் இழுத்தால் எலிவேட்டர் ஒரு பாகைக்கு மேல் தூக்கும். தூக்கினால் வாலில் கீழ்நோக்கிய விசை கூடும், தண்டு இன்னும் வளையும், கம்பி இன்னும் இழுக்கும். ரேடியோவின் கட்டுப்பாட்டுக் குச்சியைத் தொடாமலேயே விமானம் தன்னைத்தானே மேலே இழுத்துக்கொள்கிறது. "பஞ்சில சில நேரம் தானா எம்பிக்குதுங்கண்ணா, சர்வோ கோளாறுன்னு மாத்திட்டேன்" என்றார். சர்வோ பாவம், ஒன்றும் செய்யவில்லை.

உறையைத் தண்டின் பக்கவாட்டுக்கு, அச்சின் உயரத்துக்கே மாற்றினோம். அங்கே மேல் கீழ் வளைவில் நீளம் மாறாது. 8 சென்டிமீட்டருக்கு ஒரு நூல் கட்டு போட்டோம், உறை தொங்கி நெளிந்தால் தளர்வு அப்படியே திரும்ப வந்துவிடும். ரட்டருக்கு இதே தர்க்கம் தலைகீழ்: அது பக்கவாட்டு வளைவுக்குப் பயப்பட வேண்டும், அதனால் அதன் உறை உச்சியில்.

திரும்ப எடை போட்டபோது விமானம் 818 கிராம். கூட்டில் சேர்ந்த பலகைகள் 6 கிராம், தண்டுச் சுற்றல் 5, சேணம் 3, இவற்றுக்கான ஈயம், எல்லாம் போக ஃபோமில் மிச்சமானது சரிக்கட்டிவிட்டது. மேசைச் சோதனையைத் திரும்பச் செய்தோம். கூட்டிலும் சேணத்திலும் தளர்வு இல்லை. புதிய விசை மையத்தில், 4.5 சென்டிமீட்டரில், அதே பாட்டில் தொங்க முறுக்கம் இரண்டரைப் பாகைக்குள் நின்றது. முன்பு 9.

பஞ்சியில் அந்தச் சத்தம் போய்விட்டது. தானாக எம்புவதும் இல்லை. வறண்ட ஏரிப்படுகையில் ஒரு முறை இறக்கை நுனி சேற்று வெடிப்பில் மாட்டி விமானம் முழுச் சுற்று சுழன்றது. நைலான் போல்ட் இரண்டும் அறுந்து கிடைவால் தனியே போய் விழுந்தது. தண்டில் ஒரு கீறல்கூட இல்லை. பையிலிருந்து வேறு இரண்டு போல்ட் எடுத்து மாட்டி அன்றைக்கே பறக்கவிட்டார்.

இனி அந்தக் கீழ் நிலைவால். எதிர்பார்த்தபடியே தரையில் உரசி அதன் அடி விளிம்பு தேய்கிறது. மூங்கில் சீவல் ஒன்றை அடியில் சறுக்குக் கட்டையாக ஒட்டியிருக்கிறோம், அது ஒரு கிராம், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். செம்மண் தரையில் இது போதும். கல் கிடக்கும் இடத்தில் இறக்கினால் போதாது, அங்கே வால் முழுவதையும் ஆங்கில வி எழுத்தின் வடிவில் மேலே தூக்கிவிடலாமா என்று இவர் இப்போது கேட்கிறார். தூக்கலாம், ஆனால் முறுக்கு விசை திரும்பவும் தண்டுக்கு மேலே ஏறிவிடும். அதற்கு 12 மில்லிமீட்டர் குழாய் வாங்கிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.